இடைவேளையில் யார் பார்த்துக்கொள்வது? பள்ளிச் சீண்டலுக்கு எதிராக நார்வே நடந்து வந்த வழி

பள்ளியில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு நாள் தவறாமல் சீண்டுவதும், அடிப்பதும், ஒதுக்கிவைப்பதும் பள்ளிக்கூடம் தோன்றிய நாள் முதலே உண்டு. அதைத் தடுப்பது பள்ளியின் கடமை, அரசின் கடமை என்ற எண்ணம் மட்டும் மிகவும் புதியது. 1857-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ நாவலில் மூத்த மாணவர்கள் இளையவர்களை வதைக்கும் காட்சிகள் நிறைய வருகின்றன. சிறுவர்கள் அதிலிருந்து மீள்வது தாங்களே எதிர்த்து நின்று சண்டையிட்டுத்தான். கொடுமைக்கார ஃபிளாஷ்மேன் கடைசியில் பள்ளியிலிருந்து துரத்தப்படுவதுகூடக் குடிபோதைக்காக, சிறுவர்களை வதைத்ததற்காக அல்ல. 1897-ல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் பர்க் என்பவர் சீண்டலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இது தனித்த ஆய்வுத் துறையாக வளரவில்லை. வளர்ந்தது ஸ்கேண்டிநேவியாவில். ஒரு நாடு தன் பள்ளிகள் அனைத்தையும் இதற்காகத் திரட்டியதும் முதலில் அங்கேதான், நார்வேயில், 1983-ல்.

தொடக்கம் ஸ்வீடனில். பீட்டர் பால் ஹைனமன் என்ற மருத்துவர், ஜெர்மனியிலிருந்து யூத அகதிச் சிறுவனாக வந்தவர், 1969-ல் ‘லிபரல் டிபாட்’ என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வளர்ப்பு மகன் கறுப்பினச் சிறுவன். மற்றச் சிறுவர்கள் கூடி அவனைத் துன்புறுத்தியதே அக்கட்டுரைக்குக் காரணம். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் பெயரையே, ‘அபார்தைட்’ என்று, அதற்குத் தலைப்பாக வைத்தார். 1972-ல் அதே பொருளை விரித்து, பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் காணப்படும் கும்பல் வன்முறையைப் பற்றி ஒரு நூலாக வெளியிட்டார். விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், சிறு பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய பறவையை விரட்டுவதை எழுதியிருந்தார். ஹைனமன் அந்தக் கூட்டத் தாக்குதலின் பெயரையே பள்ளி முற்றத்துக்கும் வைத்தார். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்று குழந்தை முதல் அமைச்சர் வரை எல்லோரும் சொல்லும் ‘மொபிங்’ அங்கிருந்து வந்ததுதான்.

ஹைனமன் காட்டிய சித்திரத்தில் ஒரு குறை இருந்தது. அமைதியாக இருந்த கூட்டம் திடீரென்று வெறிகொள்கிறது, ஒருவன் மேல் பாய்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட காட்சி. பள்ளியில் நடப்பது அதுதானா என்று கேட்டவர் டான் ஓல்வேயுஸ். 1931-ல் ஸ்வீடனில் பிறந்து, 1970-ல் நார்வேயின் பெர்கன் நகரத்துக்குப் பேராசிரியராக வந்த உளவியலாளர். ஸ்டாக்ஹோம் பகுதியில் சுமார் 1,000 சிறுவர்களை ஆராய்ந்து 1973-ல் ஸ்வீடிஷ் மொழியிலும், விரித்து 1978-ல் ஆங்கிலத்திலும் நூலாக்கினார்.

அந்த நூல் பல நம்பிக்கைகளைக் கலைத்தது. கண்ணாடி போட்ட பையன், குண்டுப் பையன், செம்பட்டை முடிக்காரன் ஆகியோரே சீண்டப்படுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேடிப் பார்த்தால் பெரும்பாலான சிறுவர்களிடம் ஏதாவதொரு வித்தியாசம் இருந்தது, சீண்டப்படாதவர்களிடமும் இருந்தது. சீண்டுபவன் அதைச் சாக்காகப் பிடித்துக்கொள்கிறானே தவிர, காரணம் அதுவல்ல. உடல் வலு குறைவும், தாக்கினால் திருப்பித் தாக்கமாட்டான் என்ற தோற்றமுமே கூடுதலாகத் தென்பட்டன. பெரிய வகுப்பு, பெரிய பள்ளி என்பதாலும் சீண்டல் பெருகவில்லை. சீண்டுபவன் வெளியில் முரடன், உள்ளுக்குள் பயந்தவன் என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்களுடைய மனப்பதற்றம் சராசரியாகவோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது திடீர்ப் பாய்ச்சலே அல்ல. ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர், குறிப்பிட்ட ஒருவனை, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாட்டுகிறார்கள். தொடர்ந்து நடப்பது, வேண்டுமென்றே செய்வது, எதிர்த்து நிற்கமுடியாத ஒருவர் மீது செய்வது என்று ஓல்வேயுஸ் வகுத்த மூன்று அடையாளங்களே இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு அளவுகோல்.

அந்தச் சிறுவர்களை, அவர்கள் வளர்ந்த பிறகும் ஓல்வேயுஸ் பின்தொடர்ந்தார். ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் மற்றவர்களைச் சீண்டியவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் 35 முதல் 40 விழுக்காட்டினர், 24 வயதுக்குள் மூன்றோ அதற்கு மேலோ குற்றத் தீர்ப்புகள் பெற்றிருந்தார்கள். மற்றவர்களில் அது 10 விழுக்காடு. சீண்டப்பட்டவர்கள் 23 வயதிலும் மனச்சோர்வு மிக்கவர்களாக, தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர்களாக இருந்தார்கள். விளையாட்டு, வயதானால் சரியாகிவிடும் என்று சொல்லித் தள்ள இனி இடமில்லை. 1981-ல் ஓல்வேயுஸ் பள்ளிச் சீண்டலுக்கு எதிராகச் சட்டமே வேண்டும் என்று முன்மொழிந்தார். உடனே யாரும் செவிசாய்க்கவில்லை.

1982-ன் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் 10 முதல் 14 வயது வரையுள்ள மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்தித்தாள்களில் வந்தது. பள்ளியில் பட்ட கொடுமையே காரணமாயிருக்க வேண்டும் என்று தெரிந்தபோது நாடு கொதித்தது. ஆய்வு நூல்கள் பத்தாண்டாகச் சொல்லிவந்ததை அரசு கேட்டது அந்தச் செய்திக்குப் பிறகே. 1983 இலையுதிர்காலத்தில் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளிகளுக்குப் போனவை நான்கு: ஆசிரியர்களுக்கு 32 பக்கக் கையேடு, பள்ளிப் பிள்ளைகள் உள்ள எல்லா வீடுகளுக்கும் நான்கு பக்கப் பிரசுரம், 10 வயதுச் சிறுவன் ஒருவனும் 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் படும் பாட்டைக் காட்டும் 25 நிமிட வீடியோ, மாணவர்கள் பெயர் எழுதாமல் நிரப்பும் வினாத்தாள்.

இவற்றில் காலத்துக்கும் நின்றது வினாத்தாள். 715 பள்ளிகளில் சுமார் 1,30,000 மாணவர்கள் அதை நிரப்பினார்கள். அதைக் கொண்டு கணக்கிட்டால், நார்வேயின் 5,68,000 பள்ளிப் பிள்ளைகளில் 84,000 பேர், அதாவது 15 விழுக்காட்டினர், சீண்டப்படுபவராகவோ சீண்டுபவராகவோ இருந்தார்கள். சீண்டப்பட்டவர்கள் 9 விழுக்காடு, சீண்டியவர்கள் 7 விழுக்காடு. சிலர் இரண்டிலும் இருந்தார்கள். வகுப்பு ஏற ஏறச் சீண்டப்படுபவர்கள் குறைந்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நடப்பதைவிடப் பள்ளிக்குள்ளேயே நடப்பது இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே தெருவையும் வீட்டையும் குறைசொல்லித் தப்பிக்கப் பள்ளிக்கு வழியில்லாமல் போனது.

ஆசிரியர்களுக்கு மிகவும் கசந்திருக்கக்கூடிய பகுதி வேறு. ஆசிரியர்கள் தலையிடுவது எப்போதாவதுதான், அல்லது தலையிடுவதே இல்லை என்று சீண்டப்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 40 விழுக்காட்டினர் எழுதியிருந்தார்கள். உயர்நிலை வகுப்புகளில் அது கிட்டத்தட்ட 60 விழுக்காடு. வகுப்பாசிரியர் தன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்றவர்கள் தொடக்கப் பள்ளியில் 65 விழுக்காடு, உயர்நிலையில் 85 விழுக்காடு. உயர்நிலை என்பது தமிழ்நாட்டுக் கணக்கில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான வயது. சீண்டப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. மீந்திருப்பவர்களைக் கவனிப்பவர்களும் குறைகிறார்கள். காரணம் புரியாததல்ல. தொடக்கப் பள்ளியில் நாள் முழுதும் ஒரே ஆசிரியர். உயர்நிலையில் கணக்குக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் புறப்பட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவிலிருக்கும் பத்து நிமிடம் யார் பொறுப்பிலும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தையே ஓல்வேயுஸ் முதலில் பிடித்தார். இடைவேளையில் முற்றத்தில் நிற்கும் ஆசிரியர்கள் அதிகமாக உள்ள பள்ளிகளில் சீண்டல் குறைவு என்று கணக்கு காட்டியது. 1983 முதல் 1985 வரை பெர்கனில் 42 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 2,500 மாணவர்களிடையே அவர் நடத்திய திட்டம் இப்படி நடந்தது. முதலில் பள்ளி தன் சொந்த வினாத்தாள் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு முழுநாள் கூட்டம் போடும். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் சிலர் அதில் இருப்பார்கள். ‘நம் பள்ளியில் அதெல்லாம் இல்லை’ என்ற வழக்கமான பேச்சு அங்கேயே நின்றுவிடும். இடைவேளையிலும் உணவு நேரத்திலும் முற்றத்தின் எந்த மூலையில் யார் நிற்பது என்று அட்டவணை போடப்படும். ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று விதிகள் எழுதப்படும்: நாங்கள் யாரையும் சீண்டமாட்டோம்; சீண்டப்படுபவருக்குத் துணை நிற்போம்; தனித்து விடப்படுபவரைச் சேர்த்துக்கொள்வோம். மாணவர்களும் ஆசிரியரும் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் நடந்ததைப் பேசும் வகுப்புக் கூட்டம் வேறு உண்டு.

சீண்டல் நடந்தது தெரிந்தபின் செய்யவேண்டியதும் வகுக்கப்பட்டிருந்தது. பல பேர் சேர்ந்து செய்திருந்தால் அவர்களை ஒன்றாகக் கூப்பிடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல், வெளியே போய்ப் பேசிவைத்துக்கொள்ள நேரம் தராமல் தனித்தனியே விசாரிக்கவேண்டும். ஆசிரியர் கத்தவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. இந்தப் பள்ளியில் இதை ஏற்கமாட்டோம், இது நிற்கும்படி பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். சீண்டப்பட்ட பிள்ளைக்குப் பாதுகாப்புக்கு உறுதி தரவேண்டும், தந்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். இரு பக்கத்துப் பெற்றோரிடமும் பேசவேண்டும். பல வீடுகளில், சீண்டும் பிள்ளையின் வீட்டில் இன்னும் கூடுதலாக, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. சொல்வதற்கு மிகச் சாதாரணமான காரியங்கள். ஆனால் 20 மாதம் கழித்து எடுத்த கணக்கில் சீண்டல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. திருட்டு, பொருட்களை உடைப்பது, வகுப்புக்கு மட்டம் போடுவது ஆகியவையும் குறைந்தன. இதைக் கேள்விப்பட்ட நாடுகள் பெர்கனை நோக்கித் திரும்பின.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படவேண்டிய ஊர் பெர்கன் அல்ல. அதற்குத் தெற்கே, ஸ்டவாங்கர் நகரைத் தலைநகராகக் கொண்ட ரோகாலாண்ட் மாவட்டம். அங்கே எர்லிங் ரோலாண்ட் என்ற ஆய்வாளர் 37 பள்ளிகளில் அதே 1983-ல் கணக்கெடுத்து, மூன்று ஆண்டு கழித்து 1986-ல் மீண்டும் போய்ப் பார்த்தார். சீண்டல் குறையவில்லை, ஆண்பிள்ளைகளிடையே கூடியே இருந்தது. பெர்கன் பள்ளிகளுக்குப் போன அதே கையேடு, அதே வீடியோ, அதே பிரசுரம் இந்தப் பள்ளிகளுக்கும் போயிருந்தன. இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல, கால இடைவெளியும் வேறு. ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. ஆனாலும் மறுக்கமுடியாத வேறுபாடு ஒன்று இருந்தது. பெர்கன் பள்ளிகளுக்கு ஆய்வுக்குழு தொடர்ந்து போய்வந்தது. கணக்கெடுத்து, முடிவைக் காட்டி, என்ன செய்தீர்கள் என்று கேட்டது. ரோகாலாண்டில் அப்படிக் கேட்க யாரும் வரவில்லை. அங்கேயும் கையேட்டைப் பிரித்துப் பயன்படுத்திய பள்ளிகளின் நிலை மற்றவற்றைவிடச் சற்று மேலாக இருந்ததை ரோலாண்டே கண்டார்.

அரசுகள் இயக்கம் நடத்தும்போது முதலில் அச்சடிப்பது துண்டறிக்கையைத்தான். சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்தக் கல்வித் துறைக்கும் ரோகாலாண்ட் கணக்கு பொருந்தும். 1987-ல் ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் ஸ்டவாங்கரில் கூடிப் பேசியபோது இரண்டு ஆய்வுகளும் மேசைமேல் இருந்தன. பிரிட்டனின் ஷெஃபீல்ட் நகரில் பீட்டர் ஸ்மித் தலைமையில் 1991-ல் 23 பள்ளிகளில் தொடங்கிய திட்டம் ஸ்கேண்டிநேவிய அனுபவத்தைப் பார்த்து எழுந்ததே. அங்கும் அதிகம் உழைத்த பள்ளிகளே அதிகம் முன்னேறின.

ஓல்வேயுஸ் முறையின் கண்டிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. எஸ்தோனியாவில் பிறந்து ஸ்வீடனின் உப்சாலாவில் பணியாற்றிய உளவியலாளர் அனதோல் பிகாஸ் வேறு வழி காட்டினார். பதின்பருவத்துக் கூட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவர்கள் இன்னும் இறுகுவார்கள், பழி சீண்டப்பட்டவன் மேல் போய் விழும் என்பது அவர் கருத்து. அவர் முறையில் விசாரணையே கிடையாது. ஆசிரியர் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரையும் தனியே கூப்பிடுவார். அந்தப் பையன் கஷ்டப்படுவதாகக் கேள்விப்பட்டேன், உனக்குத் தெரிந்ததைச் சொல் என்பார். யார் செய்தது என்று கேட்கமாட்டார். அடுத்து, அவனுக்காக நீ என்ன செய்யலாம் என்று கேட்பார். ஒரு வாரம் கழித்துச் செய்தாயா என்று பார்ப்பார். எல்லோரிடமும் பேசி முடித்த பிறகே அனைவரையும் ஒன்றாக உட்காரவைப்பார். குற்றம் செய்தவனுக்குப் பொறுப்பே இல்லாமல் போகிறது என்பது இதற்கு எதிரான வாதம். சிறு சீண்டலுக்கு இது போதும், கடும் வன்முறைக்குப் போதாது என்பதே நடைமுறையில் பல பள்ளிகள் வந்தடைந்த இடம்.

மூன்றாவது கோணம் பின்லாந்திலிருந்து வந்தது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தினா சால்மிவாலியும் உடனுழைத்தவர்களும் 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீண்டுபவன், சீண்டப்படுபவன் இருவரைத் தவிர வகுப்பில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். கையைப் பிடித்துக்கொடுப்பவர்கள், நின்று சிரிப்பவர்கள், பார்க்காததுபோல் நகர்பவர்கள், தடுக்கப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு பாத்திரம் இருந்தது. சிரிப்பவர்கள் இல்லையென்றால் சீண்டுபவனுக்குக் கிடைக்கும் மரியாதை போய்விடும் என்ற கணிப்பில், அரசின் பணத்தில் 2006-ல் ‘கீவா’ திட்டம் உருவானது. 2007-ல் யோகெலாவிலும் 2008-ல் கௌஹயோகியிலும் கல்விநிலையங்களுக்குள் நடந்த துப்பாக்கிச் சூடுகள் பின்லாந்தை உலுக்கியிருந்தன. 2009-ல் திட்டம் நாடெங்கும் திறந்துவிடப்பட்டது. கீவா பள்ளிகளில் இடைவேளைக் காவலுக்கு நிற்கும் ஆசிரியர் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி பளிச்சென்ற மேற்சட்டை அணிந்துகொள்வார்.

கீவாவின் பலன் தொடக்கப் பள்ளியில் தெளிவாக இருந்தது. உயர்நிலை வகுப்புகளில் மங்கியது. ஓல்வேயுஸ் திட்டத்திலும் எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் மாற்றம் வரக் கூடுதல் காலம் பிடித்தது. பதினான்கு வயதில் ஆசிரியரின் பாராட்டைவிட நண்பர்கள் கூட்டத்தின் மதிப்பு பெரிது. வட்டமாக உட்கார்ந்து பேசச் சொன்னால் கூச்சமும் கேலியும் முந்திக்கொள்கின்றன. சிறுவர்களுக்கென்று எழுதிய பாடத்தை அப்படியே மேல்வகுப்புக்குக் கொண்டுபோனால் எடுபடாது என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் செலவு செய்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நார்வேயில் இதற்குள் அரசியல் தலைமை இறங்கியிருந்தது. குழந்தைகளுக்கென்று தனி முறைமன்ற அதிகாரியை 1981-லேயே நியமித்த, உலகில் முதன்முதலாக நியமித்த நாடு அது. 2001 முதல் ஓல்வேயுஸ் திட்டம் அரசின் ஆதரவில் பரவியது. இந்த முறை கையேட்டை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டார்கள், அவர்கள் பள்ளிக்குச் சிலரைப் பழக்கினார்கள், அந்தச் சிலர் மற்ற ஆசிரியர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி ஒன்றரை ஆண்டு வழிநடத்தினார்கள். 2002 செப்டம்பரில் பிரதமர் ஷெல் மாக்னே போன்டவிக், ஆசிரியர் சங்கம், உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு, பெற்றோர் குழு, குழந்தைகள் முறைமன்ற அதிகாரி ஆகியோருடன் சீண்டலுக்கு எதிரான கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். சீண்டலே இல்லாத பள்ளிகள் என்பது அதன் இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. கையெழுத்துகள் அடுத்தடுத்த அரசுகளால் புதுப்பிக்கப்பட்டன.

உறுதிமொழியைவிடச் சட்டம் அதிகம் செய்தது. 2003 ஏப்ரலில் கல்விச் சட்டத்தில் 9ஏ என்ற அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது. நல்ல பள்ளிச் சூழல் மாணவரின் உரிமையானது. 2012-ல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் சீண்டப்பட்ட ஒருவருக்கு, தடுக்கத் தவறிய நகராட்சி இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு எந்த நகராட்சியாலும் இதைப் பிள்ளைகளின் சண்டை என்று கோப்பில் எழுதிவைக்க முடியவில்லை. முன்னாள் கல்வி அமைச்சர் ஐஸ்டைன் யூபெடால் தலைமையிலான குழு 2015-ல் தந்த அறிக்கை, பள்ளிகள் புகாரைப் பெற்று, கடிதம் எழுதி, முடிவு வெளியிட்டு, காகித வேலையோடு நின்றுவிடுகின்றன என்று சுட்டியது. 1983-ன் துண்டறிக்கை நோய் வேறு உருவில் திரும்பியிருந்தது.

2017 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு மாற்று. சீண்டல் நடந்ததா என்று மெய்ப்பிப்பது இனி முதல் படி அல்ல. பள்ளியில் பாதுகாப்பாக உணரவில்லை என்று ஒரு மாணவர் சொன்னாலே கடமை தொடங்கிவிடுகிறது. பள்ளியில் வேலை செய்யும் யாராக இருந்தாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், கண்டால் தலையிட வேண்டும், சந்தேகம் வந்தாலே தலைமையாசிரியரிடம் சொல்லவேண்டும். பள்ளி உடனே விசாரித்து, என்ன செய்யப்போகிறது, யார் செய்வார், எப்போது சரிபார்க்கப்படும் என்று எழுதிவைக்க வேண்டும். சீண்டுபவர் ஆசிரியராகவே இருந்தால் கடமை இன்னும் கடுமையாகிறது. தலைமையாசிரியரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகியும் பயன் இல்லையென்றால், மாணவரோ பெற்றோரோ நேரடியாக மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்குப் போகலாம். அந்த அலுவலகம் இன்னது செய் என்று பள்ளிக்கு ஆணையிடலாம்; கீழ்ப்படியும் வரை பள்ளியை நடத்தும் நகராட்சிக்கு அபராதம் விதிக்கலாம்.

ஓல்வேயுஸ் 2020-ல் பெர்கனில் காலமானார். அவர் தொடங்கிவைத்த பழக்கத்தில் வந்த மாணவர் கணக்கெடுப்பு இன்று ஆண்டுதோறும் நாடெங்கும் நடக்கிறது. ஏழாம், பத்தாம் வகுப்புகளில் அதை நடத்துவது கட்டாயம். சமீப ஆண்டுகளின் முடிவுகளில் சீண்டல் மீண்டும் ஏறியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டத்தில் 9ஏ அத்தியாயம் பன்னிரண்டாம் அத்தியாயமாக இடம் மாறி, கவனித்தல், தலையிடுதல், சொல்லுதல், விசாரித்தல், செய்தல் என்ற ஐந்து கடமைகளோடு அப்படியே தொடர்கிறது.